அரசு மருத்துவத்துக்குப் பணம் போதவில்லை: சின்னதாக ஒரு கட்டணம் வைத்தால் என்ன?

கணக்குப்புலி:
சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பொது மருத்துவச் சேவைக்கு எந்த நாட்டிலும் பணம் போதவில்லை. மக்களுக்கு வயதாகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தால் ஆயுசுக்கும் கூடவே வருகின்றன. புது மருந்துகள் பழையதைவிடப் பல மடங்கு விலை. வரி வருமானம் அந்த வேகத்தில் ஏறாது. அப்படியானால் மருத்துவரைப் பார்க்க வருகிறவரிடம் கைக்காசாக ஏதோ கொஞ்சம் வாங்கினால் என்ன? கஜானாவுக்குக் கொஞ்சம் பணம் வரும், தும்மினாலே ஓ.பி.யில் வந்து நிற்கும் கூட்டமும் குறையும். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

முன்னுதாரணம் இல்லாமல் சொல்லவில்லை. பிரிட்டனில் 1948இல் தேசிய மருத்துவச் சேவையை எல்லாமே இலவசம் என்று ஆரம்பித்தார்கள். 1951லேயே பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வந்துவிட்டது. சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். ஆனால் சேவை கவிழவில்லையே?

மருந்துச்சீட்டு:
தம்பி, கூட்டம் குறையும் என்பது உண்மைதான். யார் குறைகிறார்கள் என்று பார்த்தீர்களா?

இதை அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970களில் தொடங்கி 1982 வரை நடந்தது, ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு. குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு எல்லாம் இலவசம், மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆனால் தேவையில்லாமல் போவது மட்டும் குறையவில்லை, தேவையானதும் அதே அளவுக்குக் குறைந்தது. இது அவசியம், இது அநாவசியம் என்று பிரிக்கத் தெரிந்தால் அவர் ஏன் மருத்துவரிடம் வரப்போகிறார்? வசதி இல்லாதவர்களில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, இலவசமாகப் பார்த்த பக்கம்தான் அது இன்னும் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது.

நான் மருந்தகக் கவுன்டரில் பல வருஷம் நின்றவன். சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கிய இடம் அது. மூன்று மருந்து எழுதிய சீட்டை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதுல எது முக்கியம்? அதை மட்டும் குடுங்க" என்பார்கள். பி.பி. மாத்திரைதான் முக்கியம் என்று சொல்வேன். தலையாட்டுவார்கள், அப்புறம் வலி மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார்கள். வலி தெரிகிறது, பி.பி. தெரிவதில்லை, அவ்வளவுதான். பக்கவாதம் வந்து அதே ஆள் வார்டில் படுக்கும்போது ஆகிற செலவை அந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியில் 2004இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து யூரோ என்று வைத்தார்கள். எதிர்பார்த்தபடி கூட்டம் குறையவில்லை, வரவேற்பு மேசையில் காகித வேலை மட்டும் ஏறியது. 2012 கடைசியில் நாடாளுமன்றமே ஒருமனதாக எடுத்துவிட்டது.

கணக்குப்புலி:
ஐயா, ஏழைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டால் உங்கள் பி.பி. ஆள் தப்பிவிடுவாரே.

மருந்துச்சீட்டு:
கொடுக்கலாம். அப்புறம் வசூலாக என்ன மிஞ்சும்? இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக் கட்டணம் இன்றும் இருக்கிறது. முதியவர், குழந்தை, கர்ப்பிணி, வருமானம் குறைந்தவர் என்று விலக்குப் போக, பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மருந்து இலவசமாகத்தான் போகிறது. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் கட்டணத்தையே எடுத்துவிட்டன. வரம்புக்கு ஒரு படி மேலே நிற்கிற சம்பளக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். என் கவுன்டரில் குரல் தாழ்த்தியவர்களில் பாதிப் பேர் அந்த ரகம்.

கணக்குப்புலி:
சரி, வசூல் பெரிதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்றை மறைக்கிறீர்கள். காத்திருப்பும் கட்டணம்தான், காசுக்குப் பதில் நாளாக வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. 100 பேரில் 92 பேருக்குப் பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. 2016க்கு அப்புறம் அது நிறைவேறவே இல்லை. காசுள்ளவர் தனியாரிடம் போய் அடுத்த வாரமே இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்கிறார். இல்லாதவர் ஒரு வருஷம் தடியூன்றி நடக்கிறார். இந்த இலவசத்தில் எங்கே சமத்துவம்? கட்டணம் என்றால் வெளியே தெரிகிறது. காத்திருப்பு தெரிவதில்லை, அதனால்தான் அரசியல்வாதிக்கு அது பிடிக்கிறது.

வார்டு அக்கா:
அந்த 77 லட்சம் தலைக்கணக்கு இல்லை, சிகிச்சைக் கணக்கு. ஒரே ஆள் கண்ணுக்கும் முழங்காலுக்கும் சேர்த்து இரண்டு பட்டியலில் இருப்பார். அதனால் நிலைமை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை.

ஆனால் தம்பி, அந்தப் பட்டியலில் இருப்பது தும்மல்காரர்கள் இல்லை. மூட்டு, கண்புரை, குடலிறக்கம். கட்டணம் வைத்தால் இவர்கள் எங்கே போவார்கள்? வரிசை நகராததற்குக் காரணம் வேறு, அதை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் வார்டில் ஒரு பெரியவர். வியாழக்கிழமையே டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். பையைக் கட்டிக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவரைக் கவனிக்க ஆள் இல்லை, கவனிக்க ஆள் அனுப்பும் துறையில் நிதி இல்லை. திங்கட்கிழமை வரை அதே செருப்பு, அதே பை. கீழே அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர்கள் நடைபாதையில் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய இரண்டு ஆபரேஷன் கட்டில் இல்லாமல் தள்ளிப்போனது. இங்கிலாந்தின் மருத்துவச் சேவையை ஆராய்ந்து 2024இல் வந்த டார்சி அறிக்கை சொன்னதும் இதைத்தான். இங்கிலாந்தின் கட்டில்களில் நூற்றுக்குப் பதின்மூன்றில், வீட்டுக்குப் போகலாம் என்று ஆனவர்கள் படுத்திருக்கிறார்கள். முதியோர் பராமரிப்பில் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக் கணக்கில் பல மடங்காகப் போகிறது. ஒரு துறையின் சிக்கனம் இன்னொரு துறைக்குச் செலவு.

புதுவரவு:
குறுக்கே வருகிறேன். நேரம் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்களுக்கு அபராதம் போட்டால்?

வார்டு அக்கா:
வராதவர்களைப் போன் போட்டு விசாரித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கடிதம் போன வாரத் தேதிக்கு இந்த வாரம் போயிருக்கும். இன்னொருவர் ரத்து செய்யக் கூப்பிட்டு நாற்பது நிமிஷம் இசை கேட்டிருப்பார். முதலில் நமக்கு நாமே அபராதம் போட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய ஃபைல்:
மருத்துவமனை நிதிப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இறுக்கமான வருஷத்தில் வெட்டு எங்கே விழும் தெரியுமா? சம்பளத்தில் கைவைக்க முடியாது. மருந்து தீர்ந்தால் மறுநாள் செய்தியாகும். எனவே சத்தம் போடாத செலவினத்தில் விழும்: கூரை, ஜெனரேட்டர், லிஃப்ட், இயந்திரப் பராமரிப்பு.

ஒரு வருஷம் ஸ்கேன் இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. நான்தான் "அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். அழகான வாக்கியம், யாரையும் புண்படுத்தாது. ஏழாவது மாதம் இயந்திரம் படுத்தது. உதிரிபாகம் வர ஒன்பது வாரம். அதுவரை நோயாளிகளை வெளியே அனுப்பி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நாங்கள் பில் கட்டினோம். கூட்டிப் பார்த்தால் ஒப்பந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், பராமரிப்பு இனத்தில் மிச்சம் காட்டியதற்கு எங்கள் பிரிவுக்குப் பாராட்டு வந்தது. வெளி ஸ்கேன் செலவு வேறு இனத்தில் ஏறியதால் யாரும் கவனிக்கவில்லை.

நான் செய்த இதையே இங்கிலாந்து நாடளவில் செய்தது. 2014-15 முதல் 2018-19 வரை கட்டிடம், இயந்திரம் என்று வைத்த 430 கோடி பவுண்டு மூலதன ஒதுக்கீட்டை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டார்கள். சில மருத்துவமனைகளில் கூரைக்குக் கீழே இரும்புத் தூண்கள் முட்டுக்கொடுத்து நிற்க, நடுவே வார்டு நடந்தது. கட்டணமா வரிசையா என்று நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள். உடைந்த இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்குப்புலி:
பதிவு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் சுற்றிச் சுற்றி "இன்னும் பணம் கொடு" என்கிற இடத்துக்கே வருகிறீர்கள். பணம் இல்லை என்பதுதான் இழையின் தலைப்பே! கூடுதலாகச் செலவு வைக்காத ஒன்று சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு:
கொள்முதல். இலங்கையில் 1971இல் அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே செய்தது அதுதான். புழக்கத்தில் 2,000க்கும் மேல் இருந்த மருந்துகளை 600 சொச்சமாகக் குறைத்து, வணிகப் பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரில் டெண்டர் போட்டு மொத்தமாக வாங்கினார். தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் வந்ததும் அந்த வழிதான். மருந்து கிடங்குக்கு வரும், ஆய்வகச் சோதனை முடியும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குள் தனக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம். கேட்காத மருந்து வந்து அலமாரியில் காலாவதி ஆவது இதில் குறையும்.

தாய்லாந்து 2002இல் எல்லாருக்கும் மருத்துவம் என்று சட்டம் போட்டபோது பணக்கார நாடா? 1997 நிதி நெருக்கடியில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த நாடு.

கணக்குப்புலி:
மாட்டிக்கொண்டீர்கள் ஐயா! அந்தத் திட்டத்தின் பெயரே "30 பாத்". ஒவ்வொரு முறையும் 30 பாத் வாங்கினார்களே, அது கட்டணம் இல்லையா?

மருந்துச்சீட்டு:
கட்டணம்தான். 2006இல் எடுத்தார்கள், 2012இல் திரும்ப வந்தது, அதுவும் கட்ட விரும்பாதவர் கட்ட வேண்டாம் என்று. திட்டத்தை ஓட்டியது அந்த 30 இல்லை தம்பி. முதல் வருஷம் அரசு தலைக்கு 1,202 பாத் ஒதுக்கியது, வரிப்பணத்திலிருந்து. ஆளுக்கு இவ்வளவு, அதற்குள் பார்த்துக்கொள் என்று மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். செலவு கட்டுக்குள் இருந்தது அதனால்தான்.

கணக்குப்புலி:
சரி, இந்த இடத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். உகாண்டா 2001இல் கட்டணத்தை ஒரேயடியாக எடுத்தது. ஏழைகள் திரண்டு வந்தார்கள், நல்லதுதான். ஆனால் பல இடங்களில் மருந்து அலமாரி காலியானது. இல்லாத மருந்தை வெளியே காசு கொடுத்து வாங்கினார்கள். எடுப்பதாக இருந்தாலும் அதற்குமுன் ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்று. "இந்த மருந்து கிடையாது" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். பிரிட்டனில் 1999இல் நைஸ் என்று ஓர் அமைப்பே வைத்தார்கள். ஒரு மருந்து ஒரு வருஷ நல்ல ஆயுளைக் கூட்ட 20,000 முதல் 30,000 பவுண்டுக்கு மேல் கேட்டால் தயங்குவோம் என்று வெளிப்படையாகச் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

வார்டு அக்கா:
எனக்கும் வேண்டியதுதான் அது. ஆனால் அந்த எண்ணைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற ஆள் நைஸ் இல்லை, நாங்கள். "அக்கா, அந்த மருந்து இருக்காமே" என்று மகள் கேட்கும்போது அவளிடம் 30,000 பவுண்டு வரம்பைப் பற்றிப் பேச முடியாது. கணக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிப் போட்டீர்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கம் எழுதியும் கொடுங்கள். இப்போது வருகிற சுற்றறிக்கை எனக்கே புரிவதில்லை.

கணக்குப்புலி:
அது நியாயம். சரி, கட்டணத்தை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன், கைவிடவில்லை. பழைய ஃபைல் ஐயாவிடம் ஒரு கேள்வி. அடுத்த வருஷமும் பட்ஜெட் இறுக்கமாகத்தானே இருந்திருக்கும்? அந்த ஒப்பந்தக் கோப்பு மறுபடி வந்தபோது என்ன செய்தீர்கள்?

பழைய ஃபைல்:
கையெழுத்துப் போட்டேன். பெயின்ட் அடிப்பதையும் கூட்ட அறைக்கு நாற்காலி வாங்குவதையும் நிறுத்தி அந்தப் பணத்தை இதில் போட்டேன். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர் சுவரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். ஸ்கேன் அறைப் பக்கம் அவர் வரவே இல்லை. உள்ளே பதினேழாவது நோயாளிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.