ஆண்டு மலரின் மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் செயலிழக்கும் மின்னூல் வாசிப்பான்: உதவி வேண்டும்

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். என் தந்தையார் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். கண்புரை அறுவைக்குப் பிறகு கைப்பேசித் திரையின் வெளிச்சம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால், இஎஸ்பி32-சி3 சில்லில் இயங்கும் சிறிய மின்னூல் வாசிப்பான் ஒன்றில் திறந்த மூல ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) ஏற்றிக் கொடுத்தேன். இதுவரை பல தமிழ் நூல்களைச் சிக்கலின்றி வாசித்திருக்கிறார்.

அண்மையில், அவர் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய ஆண்டு மலரை ஸ்கேன் செய்து, எழுத்துணரி வழியாக உரையாக்கி, இபப் மின்னூல் கோப்பாக மாற்றினேன். முதல் இரண்டு அத்தியாயங்கள் திறக்கின்றன. மூன்றாவதைத் திறந்தவுடன் கருவி நின்று, தானே மறுதொடக்கம் ஆகிறது. கடைசியாகத் திறந்த பக்கத்துக்கே திரும்பிச் செல்வதால் மீண்டும் நின்றுபோகிறது. மெமரி கார்டைக் கழற்றினால்தான் இந்தச் சுழற்சி நிற்கிறது. எழுத்துருவைச் சிறிதாக்கியும், படங்களை நீக்கியும், கார்டை அழித்து மீண்டும் எழுதியும் பார்த்துவிட்டேன். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. அவருடைய வகுப்புத் தோழர்களின் பெயர்கள் அச்சில் இருப்பது அந்த மூன்றாம் அத்தியாயத்தில்தான். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று வழிகாட்டுங்கள்.

மறுமொழி (கூலிம்)

வணக்கம். அந்தச் சில்லில் மொத்தமே 400 கிலோபைட் நினைவகம்தான் உண்டு. வெளி நினைவகம் இல்லையென்றால் நீளமான அத்தியாயம் அதைத் தின்றுவிடும். அத்தியாயத்தை நான்காகப் பிரித்துப் பாருங்கள்.

மறுமொழி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

தம்பி, பிரிப்பது நல்ல யோசனைதான், ஆனால் நினைவகப் பற்றாக்குறை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நிறுவனமொன்றில் ஃபர்ம்வேர் எழுதுபவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் கருவி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, சீரியல் பதிவை (கருவி கம்பி வழியே அனுப்பும் செய்திகளை) 115200 வேகத்தில் திறந்துவைத்து, அத்தியாயத்தைத் திறவுங்கள். செயலிழக்கும்போது அச்சாகும் எம்ஈபிசி (நிரல் நின்ற இடத்தின் முகவரி), எம்டிவால் (நிரல் அணுக முயன்ற நினைவக முகவரி) ஆகிய இரண்டு எண்களும் தேவை. முன்னதை ஆட்-டு-லைன் என்ற கணினி நிரலில் கொடுத்தால் மூலநிரலின் எந்த வரியில் நின்றது என்று தெரியும்; ஆனால் கருவியில் ஏற்றியுள்ள அதே தொகுப்பிலிருந்து வந்த இஎல்எஃப் கோப்பையே (முகவரிகளை மூலநிரல் வரிகளோடு இணைக்கும் கோப்பு) பயன்படுத்த வேண்டும், இல்லையேல் பொய்யான வரியைக் காட்டும்.

கேட்டவர்

நன்றி அக்கா. பதிவில் 'லோட் ஆக்சஸ் ஃபால்ட்' (படிக்க முடியாத முகவரியைப் படிக்க முயன்ற பிழை) என்று வருகிறது. எம்டிவால் 12. நின்ற வரி, சொல்லின் அகலத்தை அளக்கும் செயற்கூறுக்குள் (ஃபங்ஷனுக்குள்) இருக்கிறது. கூலிம் நண்பர் சொன்னபடி அத்தியாயத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனதில், பள்ளி மாணவர் பட்டியல் உள்ள ஒரே பத்தியில் வந்து நின்றேன். எழுத்துணரி அங்கே இடைவெளிகளை விழுங்கி, முப்பது பெயர்களை ஒரே சொல்லாக ஒட்டியிருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்திலும் இப்படி ஒட்டிய நீண்ட தலைப்பு ஒன்று, நேர் மேற்கோள்குறிகளுக்குள் இருக்கிறது. அது மட்டும் ஏன் செயலிழக்கவில்லை?

மறுமொழி (பாயான் லெப்பாஸ்)

அந்த மேற்கோள்குறிகளைக் கவனித்துச் சொன்னது பெரிய உதவி. இப்போதுதான் மூலநிரலைப் படித்தேன்.

எம்டிவால் 12 என்பது பூச்சியத்துக்கு மிக அருகிலுள்ள முகவரி. அதாவது, எதையும் சுட்டாத ஒரு சுட்டியின் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியின்) வழியே நிரல் எதையோ படிக்க முயன்றிருக்கிறது. ஒரு சொல் 200 பைட் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) சேர்க்கப்பட்டு, நிரம்பியதும் ஒரு பூச்சியத்தோடு முடிக்கப்படுகிறது. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி எதுவானாலும்) 3 பைட். 'க' என்றால் 224, 174, 149. ஆகவே 66 குறிகள் 198 பைட்டை எடுத்துக்கொள்ள, 67ஆவது குறியின் முதல் இரண்டு பைட்டுகள் மட்டும் உள்ளே நுழைந்து, மூன்றாவது வெளியே நிற்கிறது. அகலத்தை அளக்கும் செயற்கூறு 224ஐப் பார்த்ததும் 'மூன்று பைட்' என்று நம்பி, முடிவைக் குறிக்கும் பூச்சியத்தையே மூன்றாவது பைட்டாக எடுத்துக்கொள்கிறது. 224, 174, 0 என்பதை ஒரே குறியாக வாசித்தால் யூனிகோடு எண் 2944 கிடைக்கும். அது தமிழ்த் தொகுதியின் முதல் இடம், ஆனால் எந்த எழுத்தும் ஒதுக்கப்படாத இடம். எழுத்துருவில் அதற்கு வடிவம் இல்லாததால் வெறுஞ்சுட்டி திரும்புகிறது. அதைச் சோதிக்காமல் அகலத்தைக் கேட்டதால்தான் செயலிழப்பு.

இரண்டாவது பைட் 175ஆக இருந்தால் 3008, அதாவது ஈகாரக் குறி கிடைக்கும். அப்போது உடனே நிற்காது. ஆனால் முடிவுப் பூச்சியத்தைத் தாண்டி அப்பால் உள்ள குப்பையைப் படிக்கத் தொடங்கும். இது இன்னும் மோசம், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் தலைப்பு தப்பித்ததற்குக் காரணம் அந்த இரண்டு நேர் மேற்கோள்குறிகள்தான். தலா ஒரு பைட்டாக இரண்டும் பஃபருக்குள்ளேயே அமைந்துவிட்டால், 198ஓடு சேர்ந்து சரியாக 200 ஆகும். எந்தக் குறியும் நடுவில் வெட்டுப்படாது.

திருத்தம் இரண்டு இடங்களில் வேண்டும். பஃபர் நிரம்பும்போது பின்னோக்கி வந்து, 128 முதல் 191 வரையிலான தொடர் பைட்டுகளைக் கடந்து தலைப் பைட்டை (குறியின் முதல் பைட்டை) கண்டு, குறி முழுமையடையவில்லை என்றால் அதன் பைட்டுகளை அடுத்த துண்டுக்கு எடுத்துச்செல்லுங்கள். எறிந்துவிட்டால் எழுத்து தொலைந்துபோகும். வடிவம் கிடைக்காத எண்ணுக்கு வெற்றுக்கட்டம் காட்டுங்கள்.

கேட்டவர்

இரண்டையும் செய்து தொகுத்தேன். மூன்றாம் அத்தியாயம் திறந்துவிட்டது. ஆனால் ஓரிடத்தில் வரி முடிவில் 'க' தனியாகவும், அடுத்த வரித் தொடக்கத்தில் ஒகரக் குறி தனியாகவும் நிற்கின்றன.

மறுமொழி (பாயான் லெப்பாஸ்)

பைட்டைக் காப்பாற்றினோம், எழுத்தைக் காப்பாற்ற மறந்தோம்; என் குறைதான். அடுத்த துண்டு 3006 முதல் 3021 வரையிலான உயிர்க்குறி அல்லது புள்ளியில் தொடங்குமானால், அதற்கு முந்தைய மெய்யையும் சேர்த்து எடுத்துச்செல்லுங்கள். 3031ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஔகாரத்தைப் பிரித்து எழுதிய பழைய கோப்புகளில் அது வரும்.

கேட்டவர்

இப்போது சரியாக உடைகிறது. மேற்கோள்குறி உள்ளது, இல்லாதது, 175இல் வெட்டுப்படுவது என மூன்று சோதனைச் சொற்களையும் சேர்த்து, திருத்தத்தைத் ஃபர்ம்வேர் திட்டத்தின் மூலநிரல் களஞ்சியத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பெயர்ப் பட்டியலுக்கு இடைவெளி விடும் வேலையை அப்பா தாமே எடுத்துக்கொண்டார். எந்தப் பெயர் எங்கே முடிகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.