டீஸி வாத்தியார்களோடு பழகியவர்கள் எழுதுங்களேன்

நான் இருப்பது ஹாங்சோ. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் டீஸி வாசிக்கும் பெரியவர் ஒருவராவது கண்ணில் படுவார். டீஸி என்பது சீனர்களின் மூங்கில் குழல், நம்முடையதைப் போலவே பக்கவாட்டில் பிடித்து ஊதுவது. மேடைக் கலைஞர்களைப் பற்றி வேண்டிய மட்டும் படிக்கக் கிடைக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளுகிறவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. உங்களில் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரியும் என்றால் சொல்லுங்கள். முதலில் என் பங்கு.

எங்கள் குடியிருப்புக்கு எதிரே மளிகைக் கடை மாடியில் வகுப்பு நடத்துகிறார் ஒருவர். அறுபதை நெருங்கும் வயது, சொந்த ஊர் ஜின்ஹுவா பக்கம். மீசை முளைக்கும் முன்பே அந்த வட்டாரத்து வூ நாடகக் குழுவில் குழல்காரராகச் சேர்ந்தாராம். ஊர் ஊராகப் போய் வாசித்தார். கூட்டம் குறைந்து குழுவில் ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தார். அப்புறம் முழுநேர வாத்தியார்.

அவரிடம் பேச ஆரம்பித்தால் ஜாவ் சொங்திங் பெயர் வராமல் இருக்காது. தோங்யாங்கில் 1924இல் பிறந்து 2001இல் மறைந்த மேதை அவர். வடக்கத்திக்காரர்களின் நாக்கு வேகத்தையும் தெற்கத்திக்காரர்களின் நீண்ட மூச்சையும் ஒரே வாசிப்பில் சேர்த்தவர். வூ நாடக மெட்டை எடுத்து அவர் அமைத்த ‘சான் வூ ச்சி’யை வாசிக்காமல் இன்றைக்கும் எந்த மாணவரும் மேலே போக முடியாது. வெப்பம் ஏறினால் குழலின் சுருதி எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதிய மனிதர். ஆனால் எங்கள் மாடி வாத்தியார் அவரை மெச்சுவது இதற்கெல்லாம் இல்லை. ஜியாங் குவோஜி, ஜான் யோங்மிங், தாய் யா என்று அவர் உருவாக்கிய ஆட்களுக்காக. தாய் யா பெய்ஜிங்கில் மத்திய இசைக் கல்லூரியின் பேராசிரியர். “அவர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார், நாடு முழுக்க வாசிக்குது” என்பார்.

சனி, ஞாயிறு முழுக்க அந்த மாடியில் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் தரநிலைத் தேர்வுக்காக வருகிறவர்கள். மொத்தம் பத்து நிலை. பத்தாவதைத் தாண்டியதும் குழலைப் பரணில் போட்டுவிடுவார்கள் என்று அவருக்கே தெரியும். எனக்கு இந்தத் தேர்வு முறை பிடிக்கவில்லை, ஒரு வருடம் முழுக்க நாலைந்து உருப்படியை மட்டும் தேய்ப்பது என்ன படிப்பு? அவரிடம் சொன்னேன். “தேர்வு இல்லேன்னா எனக்கு வாடகை யார் குடுப்பா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

*

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் படிக்கும் பள்ளியில் சீன இசைக்குழு உண்டு. தமிழ்ப் பிள்ளை அதில் சேரலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. சேர்ந்தாள், கையில் டீஸியைக் கொடுத்தார்கள்.

பயிற்றுநர் ஷாங்காயில் படித்துவிட்டு இங்கே வந்தவர். பகலில் பள்ளி பள்ளியாகப் போகிறார், மாலையில் தனி வகுப்புகள், நடுவில் கச்சேரி ஒத்திகை. சிங்கப்பூர் சீன இசைக்குழு 1990களில் தொழில்முறைக் குழுவானது. அந்த மாதிரி இடத்தில் குழலுக்கு இருப்பதோ விரல் விட்டு எண்ணும் நாற்காலிகள்தான். மற்றவர்கள் எல்லாருக்கும் பிழைப்பு பள்ளிக்கூடங்களில். இவர் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வகுப்புகளில் வாசிக்கவே விடவில்லை. ஜவ்வு ஒட்டத்தான் பழக்கினார். ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை இருக்கிறது. நாணல் தண்டின் உள்ளே இருந்து உரித்த மெல்லிய ஜவ்வை அதன் மேல் ஒட்ட வேண்டும். டீஸிக்கே உரிய அந்த ரீங்காரம் அதிலிருந்துதான் வருகிறது. ஒட்டுவதற்குக் கழுதைத் தோலில் காய்ச்சிய பசை. அது இல்லாவிட்டால் பூண்டை நறுக்கித் துளையைச் சுற்றித் தேய்த்தாலே போதும், எங்கள் வீட்டில் பூண்டுதான். ஜவ்வில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஒரே சீராக விழ வேண்டும். இழுத்துக் கட்டினால் சத்தம் அடைத்துக்கொள்ளும், தொய்ந்தால் கரகரக்கும். வெளியே புழுக்கம், அரங்கத்துக்குள் ஏசி, இரண்டுக்கும் நடுவில் ஜவ்வு படும் பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு நிகழ்ச்சியில் மேடையேறப் போகும் நேரம் பார்த்து ஒரு பையனின் ஜவ்வு கிழிந்துவிட்டது. பயிற்றுநர் பதறவே இல்லை, சட்டைப் பையிலிருந்து துண்டு ஜவ்வை எடுத்து ஒட்டி, ஒருமுறை ஊதிப் பார்த்துக் கையில் கொடுத்தார். வெறும் பாடம் நடத்துகிறவருக்கு அந்தக் கை வராது. மேடையில் நின்று பழகியிருக்க வேண்டும்.

*

நான் கர்நாடகக் குழல் படித்தவன். அலுவல் காரணமாக ஷாங்காயில் கொஞ்ச காலம் இருந்தபோது ஒரு டீஸி ஆசிரியையிடம் போனேன். நம் குழலில் எட்டுத் துளை, விரலைத் துளை மேல் உருட்டிக் கமகம் கொண்டுவருகிறோம். டீஸியில் விரல்களுக்கு ஆறே துளை. நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைக்க, அவர் சிரித்துவிட்டு, “நேரா ஊதுங்க, அசைக்கறதை நான் சொல்ற இடத்துல மட்டும் அசைங்க” என்றார். தெற்கத்திப் பாணியில் அலங்காரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த துளையை இமைப்பொழுதில் தட்டி எடுப்பதும், மேலே இருந்து ஒரு ஸ்வரத்தைத் தொட்டு இறங்குவதும் சரியான இடத்தில் விழ வேண்டும். அந்த இடம் தெரிவதுதான் கஷ்டம்.

அவர் சொல்லித்தான் லூ சுன்லிங் கதை தெரியும். ஷாங்காய்க்காரர், பிறந்தது 1921. ஏழைக் குடும்பம். சின்ன வயதில் அவருக்குக் குழல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் செருப்புத் தைக்கும் அண்டை வீட்டுக்காரர். வளர்ந்த பிறகு வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டே நண்பர்களோடு ஜியாங்னான் பட்டு-மூங்கில் இசை (பட்டு என்றால் தந்தி வாத்தியங்கள், மூங்கில் என்றால் குழல்கள்) வாசித்தார். அது தேநீர் விடுதிகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் இசை, மேடைக் கச்சேரி இல்லை. அதற்குப் பிறகு ஷாங்காய் இசைக்குழுவில் கலைஞர், ஷாங்காய் இசைக் கல்லூரியில் பேராசிரியர். 2018இல் காலமாகும்போது தொண்ணூற்றாறு வயது. அவரிடம் படித்த யூ ஷுன்ஃபா 1971இல் உள்ளங்கையில் அடங்குகிற ‘கோவ்டி’ என்ற குட்டிக் குழலையே புதிதாக உருவாக்கினார். செருப்புத் தைப்பவரிடம் தொடங்கிய பாடம் ஒரே ஆயுளில் கல்லூரிப் பாடத்திட்டம் வரை வந்துவிட்டது. கல்லூரிக்குள் போனதால் தேநீர் விடுதிச் சுதந்திரம் கொஞ்சம் போய்விட்டது என்பது அந்த ஆசிரியையின் வருத்தம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் கல்லூரி இல்லாமல் இருந்தால் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அவரே இருந்திருக்க மாட்டார்.

*

ஹெபெய் மாகாணத்தில் மருத்துவம் படித்தவன் நான். வாசிக்கத் தெரியாது, கேட்டதோடு சரி. மேலே எழுதியவர்கள் எல்லாரும் தெற்கைப் பற்றியே சொல்லியிருப்பதால் வடக்குக்காக ஒரு வார்த்தை. அங்கே குழல் குட்டையானது, குரல் கீச்சென்று உயரத்தில் நிற்கும். திருமண வீட்டில் கேட்டேன். நாக்கைச் சுழற்றி ‘ர்ர்ர்’ என்று ஊதினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. வாசித்தவர் உள்ளூர்ப் பள்ளி இசை ஆசிரியர். ஃபெங் ஸிசுன் எங்கள் மாகாணத்துக்காரர் என்று என்னிடம் பெருமையடித்தார். 1904இல் யாங்யுவானில் பிறந்த நாட்டுப்புறக் கலைஞர், 1953இல் பெய்ஜிங்கில் நடந்த தேசிய நாட்டார் கலை விழாவில் தனியாக டீஸி வாசித்துப் பெயர் வாங்கியவர். அதுவரை பெரும்பாலும் பாட்டுக்கும் கூத்துக்கும் பக்கத்தில் இருந்த குழல் அது. பிறகு அவரும் பெய்ஜிங்கில் ஆசிரியரானார்.

*

முதல் பதிவு போட்டவன்தான் மறுபடியும். என்ன குழல் வாங்கலாம் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஹாங்சோவின் யூஹாங் பகுதியில் ஜோங்தாய் என்ற ஊர் டீஸி செய்வதற்கே பேர்போனது, கசப்பு மூங்கிலில் செய்கிறார்கள். வெட்டிய மூங்கிலை வருடக்கணக்கில் காயவைத்துத்தான் துளை போடுவார்கள். கற்றுக்கொள்ள விலை உயர்ந்தது தேவையில்லை. ஆனால் நடுவில் பித்தளைப் பூண் போட்டு இரண்டாகக் கழற்றும்படி இருக்கிறதா என்று பாருங்கள், சுருதி சேர்க்க அது வேண்டும். எந்தச் சுருதிக் குழல் என்பதை வாத்தியாரைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். எங்கள் மாடி வாத்தியார் புதியவர்களுக்குப் பெரும்பாலும் ஜி சுருதிக் குழலைத்தான் கொடுக்கிறார், சின்னக் கைக்கும் துளை எட்டுகிறது. ஜவ்வு தனியாகப் பொட்டலத்தில் விற்கும், நாலைந்து சேர்த்தே வாங்கிவிடுங்கள்.