கோபத்தைக் கையாளக் கற்பிப்பது வகுப்பறையின் வேலையா?

முதல் வகுப்பு ஆசிரியை:
ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு எண்ணும் எழுத்தும் கற்பிப்பதைப் போலவே கோபத்தையும் பயத்தையும் ஏமாற்றத்தையும் கையாளவும் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தான் அடுக்கிய கட்டைகளை இன்னொருவன் தட்டிவிட்டதும் கை ஓங்கும் குழந்தையிடம் "அடிக்காதே" என்று மட்டும் சொன்னால், எதைச் செய்யக் கூடாது என்பது அதற்குத் தெரியும். எதைச் செய்வது என்பது தெரியாது. உந்துதலை அடக்கி யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியிருக்க, இந்த வயதில் குழந்தை தானாகவே அடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரு தந்தை:
தங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. உணர்ச்சிப் பாடம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் வகுப்பைச் சத்தமில்லாமல் வைத்திருக்கும் வேலைதான். என் மகளின் வகுப்பில் 'அமைதி மூலை' ஒன்று இருந்தது. மெத்தை, பொம்மை, முகபாவப் படங்கள் ஒட்டிய அட்டை என எல்லாம் இருந்தன. அழும் குழந்தையை அங்கே அனுப்புவார்கள். அழுகை நின்றால்தான் தன் இடத்துக்குத் திரும்பலாம். ஏன் அழுதாய் என்று கேட்பார் இல்லை. குழந்தைகள் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டார்கள். காலையில் எல்லோர் முன்னிலையிலும் "இன்று உன் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதும் எனக்கு ஏற்புடையதன்று. வீட்டில் நடந்த சண்டையால் வாடி வந்திருக்கும் குழந்தை அதை ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும்?

முதல் வகுப்பு ஆசிரியை:
ஐயா, நீங்கள் சொன்ன மூலை தவறாகவே பயன்பட்டிருக்கிறது. அதற்காக நான் வாதாட மாட்டேன். நான் சொல்வது வேறு. 'ஆமை முறை' என்று ஒன்று 1970களிலிருந்தே சிறு குழந்தைகளிடம் பயன்பட்டு வருகிறது. கோபம் வருவதை உணர்ந்தவுடன் கையையும் காலையும் நிறுத்துவது, ஆமை ஓட்டுக்குள் போவதாக எண்ணி ஒடுங்குவது, மூன்று முறை மெல்ல மூச்சு விடுவது, பிறகு வெளியே வந்து தன் மனக்குறையையும் அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்வது என்பவை அதன் படிகள். கடைசிப் படிதான் முக்கியம். கட்டைகள் சரிந்த குழந்தையின் எதிரே மண்டியிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீ பாடுபட்டு அடுக்கியது விழுந்துவிட்டது, உனக்குக் கோபமாக இருக்கிறது" என்று ஆசிரியர் சொல்லும்போது இறுகிய கைவிரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதைப் பார்க்கலாம். அதன் பிறகு தட்டியவனும் உட்கார்ந்து கட்டைகளை அடுக்க உதவ வேண்டும். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நாங்கள் அதை அழிக்கவில்லை.

ஆதாரமும் உண்டு. உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்பிக்கும் 'சமூக உணர்வுக் கல்வி'த் திட்டங்கள் பள்ளிகளில் நடந்தவற்றுள் 213ஐயும் அவற்றில் பங்கேற்ற 2,70,000 மாணவர்களையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. நடத்தையிலும் படிப்பிலும் முன்னேற்றம் இருந்ததாக அது காட்டியது.

ஒரு தந்தை:
அந்தத் தொகுப்பில் உயர்நிலைப் பள்ளி வரையிலான மாணவர்கள் கலந்திருந்தார்கள். பல முடிவுகள் மாணவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன பதில்களை நம்பியவை. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 13 வயதுக்குட்பட்ட 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், மூச்சிலும் இந்த நொடியிலும் கவனத்தை நிறுத்தப் பழக்கும் மனக்கவனப் பயிற்சியைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பாடத்தைவிட அது மனநலத்துக்குக் கூடுதல் பயன் தரவில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பள்ளி மனநல ஆலோசகர்:
அந்தச் சோதனை வளரிளம் பருவத்தினரைப் பற்றியது, பயிற்சியும் வேறு. அதைக் கொண்டு ஆறு வயதுக் குழந்தையைப் பற்றி முடிவுகட்ட முடியாது. ஆனால் தந்தையின் கவலைக்கு வேறொரு பக்கத்திலிருந்து வலு சேர்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990களில் பெரியவர்களிடம் நடத்திய சோதனைகளில், அருவருப்பு, சோகம் போன்றவற்றை முகத்தில் காட்டாமல் மறைத்தவர்களுக்கு உள்ளே அந்த உணர்ச்சி குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் கூடின. ஆகவே அழுகை நின்றுவிட்டது என்பதை வெற்றியாகக் கணக்கிடக் கூடாது. பசி, தூக்கமின்மை, தாங்க முடியாத இரைச்சல், வயதுக்கு மீறிய பாடம் ஆகியவற்றில் ஏதேனும் காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரைச்சலால் துன்புறும் ஆட்டிசக் குழந்தைக்கு மூச்சுப் பயிற்சியைவிட இரைச்சலைக் குறைப்பதே உதவி.

முதல் வகுப்பு ஆசிரியை:
இதை முழுமையாக ஏற்கிறேன். பதறிய ஆசிரியரால் பதறிய குழந்தையை ஆற்ற முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; பயிற்சி எங்களுக்கும்தான் முதலில் வேண்டும். ஆயினும் இதை வீட்டுக்கே விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். முறைக்காகக் காத்திருப்பது, விளையாட்டில் சேர்க்கப்படாமல் போவது, இருபது பேர் நடுவில் தோற்பது ஆகியவை வீட்டில் அமைவதில்லை, வகுப்பில்தான் நேர்கின்றன.

ஒரு தந்தை:
அது உண்மைதான். நேர்கிற இடத்திலேயே, நேர்கிறபோதே ஆசிரியர் வழிகாட்டட்டும் என்கிறேன். தனிப் பாடவேளை, பயிற்சி ஏடு, இறுதியில் மதிப்பீட்டு அட்டையில் 'உணர்ச்சிக் கட்டுப்பாடு' என்றொரு கட்டம் என்று வந்துவிட்டால், சுபாவத்திலேயே எளிதில் கலங்கும் குழந்தை அங்கும் குறைந்த மதிப்பெண் வாங்கும். அந்தக் கட்டம் வேண்டாம் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

முதல் வகுப்பு ஆசிரியை:
கட்டம் வேண்டாம், எல்லோர் முன்னிலையிலும் மனநிலையைச் சொல்ல வைப்பதும் வேண்டாம். ஆனால் பாடவேளை வேண்டும். யாரும் கோபமாக இல்லாத நேரத்தில் பல நாள் பழகிய குழந்தைக்குத்தான், கட்டைகள் சரியும் அந்த நொடியில் ஆமை நினைவுக்கு வரும்.