எலிங்டன் குழு: நியூபோர்ட்டுக்கு அப்புறம் எதைக் கேட்பது?

கேள்வி: அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாப் பதிவை மட்டுமே கேட்டிருக்கிறேன். பால் கான்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் 27 சுற்று விடாமல் வாசிக்கும்போது, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றுவிடுகிறேன். அடுத்து எது?

பதில்: 1940, 41 பதிவுகள். அப்போது குழுவில் இருந்த ஜிம்மி பிளான்டனின் டபுள் பாஸைக் கவனியுங்கள். தாளத்துக்கு முட்டுக்கொடுத்து நின்ற வாத்தியம் இவர் கையில் பாடுகிறது. அந்தக் கால இசைத்தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதற்குள் ஒரு சுரம்கூட வீணாகாது.

பதில்: சரி, ஆனால் 1967-ஐ விட்டுவிடாதீர்கள். எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் இறந்த ஆண்டு. அவர் எழுதியவற்றையே குழு பதிவு செய்தது. அதில் ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோனைத் தனியாகக் கேளுங்கள்.

கேட்டவர்: ஹாட்ஜஸை நேற்றிரவு இரண்டு முறை கேட்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. இன்று பிளான்டன்.