பள்ளிக்கு அனுப்பாமல் வளர்த்தால்தான் பிள்ளைகளிடம் தமிழ் நிற்குமா?

கொரடாச்சேரி மருமகள் (டாலஸ்):
மாமனார் வீடு கொரடாச்சேரி, அம்மா வீடு நீடாமங்கலம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். காலையில் பாடம் தமிழில், மதியத்துக்கு மேல் ஆங்கிலத்தில். "தமிழுக்காகப் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையைப் பறிக்கிறீர்கள்" என்று ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று வயதில் மழலை கொஞ்சப் பேசிய பிள்ளை, பள்ளிக்குப் போன ஒன்றிரண்டு வருடத்தில் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. தமிழ் "சாப்பிட வா", "செருப்பைக் கழற்று" என்ற அளவில் நின்றுபோகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நல்லதுதான், ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் என்ன வரும்? பின்னம், நீராவி, சூரிய கிரகணம் எல்லாவற்றையும் தமிழிலும் யோசிக்கிற பிள்ளையிடம்தான் மொழி தங்கும் என்பது என் நம்பிக்கை. சட்டச் சிக்கலும் இல்லை. வீட்டில் படிப்பதைத் தனியார் பள்ளிப் படிப்பாகவே கருத வேண்டும் என்று எங்கள் மாநிலமான டெக்சாஸின் உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்துவிட்டது.

குடமுருட்டிக் கரை (ஸ்டுட்கார்ட்):
அக்கா, நான் திருவையாற்றுக்காரன். உங்கள் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை.

ஜெர்மனியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். வீட்டில்தான் படிக்க வைப்போம் என்று போராடிய ஒரு குடும்பத்தின் வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2006இல் ஏற்கவில்லை. முதலில் எனக்கும் அது கெடுபிடியாகத்தான் தெரிந்தது. இப்போது அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் பள்ளிக்குத்தான் அனுப்புவேன். என் மகள் ஜெர்மன் மொழியை வகுப்பில் கற்றதைவிட விளையாட்டு மைதானத்தில் கற்றதுதான் அதிகம். அதை எந்த அப்பா அம்மாவாலும் வீட்டில் கொடுக்க முடியாது.

அதற்காகத் தமிழ் போய்விடவில்லை. வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ் மட்டும்தான், நானும் மனைவியும் எங்களுக்குள் பேசுவது உட்பட. பல பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பிள்ளையிடம் தமிழில் பேசிவிட்டுக் கணவனும் மனைவியும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால், எது பெரியவர்களின் மொழி என்று பிள்ளைக்குத் தெரியாதா? இரவு படுக்கும்போது ஒரு கதை, சத்தம் போட்டு வாசிப்போம். ஒரு நாளும் விடுவதில்லை. இரண்டு மொழி வளர்ப்புக்கு இது போதும்.

திருவாரூர் திரும்பியவன்:
போதாது தம்பி.

துபாயிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினோம். மகளை எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டில் தமிழ் மட்டும்தான் பேசுவோம், அதனால் அவள் பேச்சில் குறையே இருக்காது. பாட்டியோடு மணிக்கணக்கில் கதையளப்பாள். ஆனால் செய்யுள் பகுதியைத் திறந்தால் ஒரு வரி ஓடவில்லை. உரைநடையையே எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் வந்தபின் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாளைத் தவிர்க்க முடியாது. மற்ற பாடங்களில் முதலிடம் வாங்கிய பிள்ளை, தமிழ் வகுப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை எந்த அப்பாவும் பார்க்கக் கூடாது. ஊர் திரும்பும் எண்ணம் துளியாவது இருக்கிறவர்கள், பேச்சு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கொரடாச்சேரி அக்காவுக்கும் ஒன்று. திரும்பி வந்தால் பிள்ளைகளிடம் பள்ளிச் சான்றிதழ் இருக்காது. எட்டாம் வகுப்பு வரை கவலையில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்கு மேல்தான் அலைச்சல். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அந்தத் திட்டத்தை இப்போதே போட்டு வையுங்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் (பாபநாசம்):
பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பிள்ளை தானாகக் கடக்காது. ஊரில் வளரும் பிள்ளை கடைப் பலகையிலும் சுவரொட்டியிலும் பேருந்திலும் எழுத்துத் தமிழைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. வெளிநாட்டில் அது கிடையாது. திருவாரூர்த் தம்பியின் மகளுக்கு நேர்ந்ததும் அதுதான். அவள் அறிவில் குறை ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவியல் பாடம் ஒன்றை எடுங்கள். முதலில் தமிழ்ப் புத்தகத்தில் வாசிக்க விட்டு, மறுநாள் அதே பாடத்தை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் புரிந்த விஷயம் ஆங்கிலத்தில் சீக்கிரம் பிடிபடும். என் பேரன் வெளிநாட்டில்தான் பள்ளிக்குப் போகிறான், மாலையில் இப்படித்தான் படிக்கிறான். ஆகவே இதற்குப் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டியதில்லை அம்மா. தினம் முக்கால் மணி நேரம், விடாமல், அவ்வளவுதான்.

கொரடாச்சேரி மருமகள்:
ஐயா, அந்தப் புத்தகங்களைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் பள்ளி, வீட்டுப்பாடம், நீச்சல் என்று ஓய்ந்து வரும் பிள்ளைக்கு மாலையில் தமிழ் ஒரு தண்டனையாகத் தெரியும். காலையில் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தைத் தமிழுக்குக் கொடுக்கிறேன். என் வாதமே அந்த நேரம் பற்றியதுதான்.

கோடையில் இங்கே இரவு எட்டு மணி என்றால் ஊரில் மறுநாள் காலை ஆறரை. என் மாமனார் கைபேசியோடு வயலுக்குப் போய்விடுவார். நாற்றங்கால் எது, நடவு எது, மேட்டூரில் ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர் கல்லணையில் எப்படிப் பிரிகிறது, குறுவைக்கும் சம்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் மகன் கேட்டுக்கொண்டே இருப்பான். காலையில் எழ வேண்டிய அவசரம் இல்லாததால் அவனால் பத்து மணி வரை தாத்தாவோடு பேச முடிகிறது.

குடமுருட்டித் தம்பிக்கு: நண்பர்கள் இருக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பூங்காவில் கூடுகிறார்கள், கராத்தே வகுப்பு இருக்கிறது. ஆங்கிலம் எங்கும் ஓடிப்போகாது.

குடமுருட்டிக் கரை:
வாரத்தில் சில மணி நேரம் கூடுவதும் தினமும் ஒரே வகுப்பில் சண்டை போட்டுச் சமாதானமாவதும் ஒன்றல்ல அக்கா. அதை விடுங்கள், யாரும் கேட்காத கேள்வி ஒன்று. காலைப் பாடம், மதியப் பாடம், சமையல் எல்லாம் உங்கள் ஒருவர் தலையில்தானே? அண்ணன் பங்கு என்ன? உங்கள் படிப்பு, வேலை? தமிழ் இரண்டு பேருக்கும் சொந்தம் என்றால் உழைப்பும் இரண்டு பேருடையதாக இருக்க வேண்டும். ஒரு தாயின் வேலை வாழ்க்கையை முடக்கித்தான் மொழி வாழும் என்றால் அந்த ஏற்பாடே தவறு.

கொரடாச்சேரி மருமகள்:
நியாயமான கேள்வி. நான் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவி என்ற முறையில் கிடைக்கும் விசாவில், இருக்கிறேன். 2015 முதல் எங்களில் சிலருக்கு வேலை அனுமதி தருகிறார்கள், ஆனால் கணவரின் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அட்டை) விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எங்களுடையது இன்னும் தாண்டவில்லை. வேலையை நான் தமிழுக்காக விடவில்லை. கிடைக்காத வேலைக்காக உட்கார்ந்து அழாமல், இருக்கும் நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கணக்கும் ஆங்கிலமும் சனி ஞாயிறில் அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

அனுமதி வந்தால் வேலைக்குப் போவேன், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். அப்போது ஐயா சொன்ன முக்கால் மணி நேரத்தை அவர் எடுத்துக்கொள்வார் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை காலை நேரம் தமிழுக்குத்தான்.

குடமுருட்டிக் கரை:
சரி அக்கா, விசா நிலைமை புரிகிறது. ஆனால் வேலை அனுமதி வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அண்ணன் இந்த வாரமே தமிழ்ப் பாடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.