9.12 வோல்ட், 4.7 கிலோஓம்: கரன்ட்டை எத்தனை இலக்கம் வரை எழுதுவது?

பிளஸ் டூ மாணவன்:
ஓம் விதி செய்முறையில் மல்டிமீட்டர் 9.12 வோல்ட் காட்டியது. மின்தடையில் மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்க வளையங்கள், அதாவது 4.7 கிலோஓம். வகுத்தால் 1.940425532 மில்லிஆம்பியர். ரெக்கார்ட் நோட்டில் அப்படியே எழுதினேன். சார் அடித்துவிட்டு 1.9 என்று போட்டார். 9.12-இல் மூன்று இலக்கம் இருக்கிறதே, 1.94 என்றாவது எழுதக் கூடாதா?

பாலிடெக்னிக் லேப் ஆசிரியர்:
சார் போட்டதுதான் சரி, தம்பி. பெருக்கல், வகுத்தலில் எந்த அளவீட்டில் முக்கிய எண்ணுருக்கள், அதாவது நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள், குறைவோ, விடையும் அத்தனையோடு நிற்கும். 4.7-இல் இரண்டுதான்.

விதியை மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதே. அந்தத் தங்க வளையத்தைப் பார். 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அர்த்தம். ஆக மின்தடை 4.465 முதல் 4.935 கிலோஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் வைத்து வகுத்துப் பார்: 2.04, 1.85. இரண்டாவது இலக்கமே ஆடுகிறது. மூன்றாவதை எதை நம்பி எழுதுவாய்?

1.94 மாதிரி மூன்று இலக்கம் வேண்டுமென்றால் மின்தடையைச் சுற்றிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் அள. 4.63 என்று காட்டினால் 1.97 என்று தாராளமாக எழுதலாம்.

பிளஸ் டூ மாணவன்:
நன்றி சார். இன்னொன்று. அதே 4.7-ஐ வைத்துத் திறன் கண்டுபிடித்தேன். எனக்கு 17 மில்லிவாட், நண்பனுக்கு 18. அவன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தான். நான் கரன்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினேன்.

பாலிடெக்னிக் லேப் ஆசிரியர்:
இரண்டு வாய்பாடும் சரி. நீ 1.9 என்று முழுமையாக்கிய பிறகு வர்க்கம் எடுத்திருக்கிறாய், 16.97 வந்திருக்கும். 1.9404 என்று வைத்துப் பெருக்கு, 17.70 வரும், அதாவது 18. இடையில் வரும் எண்ணைக் கால்குலேட்டரிலேயே விட்டுவை. கடைசி வரியில் மட்டும் முழுமையாக்கு. லேப்பில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

இன்னொருவர்:
நிமிடத்தை நொடியாக்கும் 60-ஐ, முக்கிய எண்ணுருக்களை எண்ணும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது துல்லியமான எண். எலக்ட்ரானின் மின்னூட்டமும் 2019 மே 20 முதல் அப்படித்தான். அதற்கு 1.6 (× 10⁻¹⁹ கூலும்) என்று போட்டால் விடை இரண்டு இலக்கத்தோடு நின்றுவிடும், 1.602 என்று போடுங்கள்.