பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எதற்கு அர்ஜென்டினா கொடி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
2022 கால்பந்து உலகக் கோப்பை நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு பக்கம் அர்ஜென்டினா கொடி, எதிர்ப்பக்கம் பிரேசில். சவூதியிடம் அர்ஜென்டினா 2-1 என்று தோற்ற அன்று எதிர்வீட்டுப் பையன்கள் சரவெடி கொளுத்த, டீக்கடையில் கைகலப்பு வரை போய்விட்டது. இந்தியா ஆடினால் ஸ்கோர் கேட்கக்கூட ஆளில்லை. இது என்ன நாட்டுப்பற்று?

மீனாட்சிபுரம்:
நாட்டுப்பற்று எங்கே அண்ணா, கட்சி கட்டுவதுதான். கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸி கட்அவுட் நின்றதும் அதைவிடப் பெரிசாக நெய்மாரை வைத்தார்கள், அப்புறம் ரொனால்டோ வேறு. நம் சினிமா கட்அவுட் சண்டையேதான், சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

வேலந்தாவளம்:
நம் ஊரை மட்டும் சொல்லாதீர்கள். 2018-இல் மும்பையில் சீன தைபேயை (தைவான் அணி) இந்தியா 5-0 என்று அடித்த ஆட்டத்துக்கு வந்ததே சுமார் 2,500 பேர். திட்டுவதற்காவது வாருங்கள் என்று அப்போதைய இந்திய கேப்டன் சேத்ரி வீடியோவில் கெஞ்சினார், அதன் பிறகுதான் கென்யா ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்தாரில் ஜெர்மனியை ஜெயித்த அன்றும் ஜப்பான் ரசிகர்கள் நீலப் பையில் குப்பை பொறுக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். எங்கள் தெரு பிரேசில் தோரணம் இன்னும் கரண்ட் கம்பத்தில் தொங்குகிறது, மழையில் மஞ்சள் வெளுத்துப்போய்.